கடைசி எபிசோடை மாற்றிச் சொன்னேன்

செவ்வாப்பேட்டையில் குடியிருந்துகொண்டு கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், எல்லாரும் முதலில் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் நேர் ரயில் கிடையாது. விடியும்போது கிளம்பி, சென்னைப் பக்கம் பேசின் பிரிட்ஜ் வரை போய், அங்கே இறங்கி வேறு ரயில் பிடித்து, மறுபடி வடக்கே போக வேண்டும். தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. உருக்கி வார்த்த கம்பியில் துண்டு வெட்டி அனுப்புவார்கள். அதை இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எந்த இழுப்பில் அறுகிறது என்று பார்த்து எழுதுவேன். நாள் முழுக்க ஏதாவது ஒன்று அறுந்துகொண்டே இருக்கும்.

போக வர நாலரை மணி நேரம். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. தூங்கவும் வராது. அதனால் போனில் தொடர் பார்ப்பேன்.

அப்படித்தான் அந்த ஜாம்பி தொடரில் மாட்டிக்கொண்டேன். வெளிநாட்டுத் தொடர், தமிழில் டப்பிங் செய்தது. பெரிய தொடர் ஒன்று பல வருஷம் ஓடி முடிந்திருந்தது. அதில் இரண்டே எபிசோடு வந்துபோகும் ஒரு பெண்ணை வைத்துத் தனியாக ஒரு கிளைத் தொடர் ஆரம்பித்தார்கள். அவள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஊரெல்லாம் செத்தவர்கள் எழுந்து நடக்கிற காலத்தில், துறைமுகத்தில் வேலை பார்த்த தன் தம்பியைத் தேடிக்கொண்டு போகிறாள். வழியில் யார் யாரோ சேர்வார்கள், சாவார்கள். அவள் தேடுவதை மட்டும் விடமாட்டாள்.

ஒருநாள் பெண்கள் பெட்டியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொன்னேரியில் ஏறிய ஒரு அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா அவன் மூஞ்சி இப்டி கீது?"

"செத்துட்டான்கா."

"செத்தவன் எப்டி நடக்கறான்?"

சொன்னேன். கும்மிடிப்பூண்டி வரும்வரை சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை அவரே என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி கெடச்சானா?" என்றார்.

அவருக்குப் பழவேற்காடு. ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். காலையில் பஸ் பிடித்து பொன்னேரி வந்து, ரயில் ஏறி, பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போவார். வீட்டில் இருந்த ஒரே டச் போனை நர்சிங் படிக்கிற மகளிடம் கொடுத்து ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டார். அவரிடம் இருந்தது பட்டன் போன். ஆக, அந்தத் தொடர் முழுவதையும் என் வாயால்தான் அவர் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் புது எபிசோடு வரும். திங்கட்கிழமை காலை பொன்னேரியில் ஆரம்பித்தால் கும்மிடிப்பூண்டி வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு காக்கிநாடா பக்கம் பெரிய மீன்பிடி போட்டில் வேலைக்குப் போனவன். ஆரம்பத்தில் போன் வந்துகொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. நாலு வருஷம் ஆகிவிட்டது. "அந்த நம்பரு இப்ப வேற யாருக்கோ பூட்ச்சி. தெலுங்குக்காரரு ஒர்த்தரு எடுக்கறாரு. என் கொரல கேட்டாலே, லேது அம்மா, அவன் இங்க இல்லன்னு சொல்வாரு. நல்ல மனுசன். ஒரு நாளும் திட்டுனது இல்ல."

அதன்பிறகு "தம்பி கெடச்சானா?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் எந்தத் தம்பியைக் கேட்கிறார் என்று எனக்குக் குழம்பும்.

கடைசி எபிசோடு வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், என் கணவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் மாடி ரூமில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அவள் தம்பியைக் கண்டுபிடித்துவிடுகிறாள். துறைமுகத்தில் ஒரு உப்புக் கிடங்கு. உள்ளே அவன் நிற்கிறான், கம்பெனிச் சட்டையோடு. செத்து வெகுநாள் ஆகியிருக்கிறது. தலையைத் திருப்பி அவளைப் பார்க்கிறான். அவளைத் தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் அவன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். அப்புறம் அவளே அவனை முடித்து வைக்கிறாள். கதவைத் திறந்து வெளியே வருகிறாள். வெயில். அவ்வளவுதான்.

நான் உடனே குரூப்பைத் திறந்தேன். அந்தத் தொடரைப் பார்க்கிற தமிழ்க்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த குரூப் அது. ஏற்கெனவே தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. 'இதுக்காடா இத்தனை வாரம் வெயிட் பண்ணோம்' என்று ஒருவர். 'இதான்யா முடிவு, வேற எப்படி முடிக்க முடியும்' என்று இன்னொருவர். ஒருத்தர் டப்பிங் குரலைத் திட்டினார். ஒருத்தர் உப்புக் கிடங்கில் பிணம் கெடாது என்று விஞ்ஞானம் பேசினார். ஒரு பெண் மட்டும், 'எனக்கு அழுகையே வரல, திரும்பத் திரும்ப அதையே பாத்துட்டு இருக்கேன்' என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். நானும் நாலு வரி டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்து மறுபடி அழித்தேன்.

இருப்புக் கொள்ளவில்லை. கீழே வந்து காய்ந்த துணியை மடித்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். தூங்கி எழுந்து வந்த கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆச்சு? ஏன் ஒரு மாதிரி கீற?" என்றார்.

"தம்பி செத்துட்டான்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "யாரு தம்பி?"

தொடரில் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலை பொன்னேரி வரும். அக்கா ஏறுவார். கேட்பார்.

ஏறினார். கேட்டார்.

"கெடச்சிட்டான்கா," என்றேன்.

"உசுரோடவா?"

"உசுரோடதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ரயில் கவரைப்பேட்டையில் நின்று கிளம்பும்வரை திறக்கவே இல்லை. திறந்ததும் கேள்வி மேல் கேள்வி. "எளச்சிப் போயிருந்தானா? இத்தினி நாளா இன்னா துன்னானாம்? அக்காவ பாத்ததும் இன்னா சொன்னான்?" ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பதில் கட்ட வேண்டியிருந்தது. டப்பா மீன் தின்றான் என்றேன். தாடி வளர்ந்திருந்தது என்றேன். "ஏன்கா இவ்ளோ லேட்டா வந்தேன்னு கேட்டான்" என்றேன். அதைக் கேட்டதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்குத் தன் நாஷ்டாவில் பாதியை எனக்குக் கொடுத்தார். இட்லியும் கருவாட்டுத் தொக்கும். ஆலைக்குப் போய்ச் சாப்பிடுகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். நேற்றுச் சொன்னதைவிட இன்னும் கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன்.

புதன்கிழமை எதிர் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏதோ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவள், கழுத்தில் அடையாள அட்டை. நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு ஆசையாகக் குனிந்தாள்.

"நீங்களும் அத பாக்கறீங்களாக்கா? இன்னா முடிவு இல்ல! சொந்தத் தம்பிய அவ கையாலயே கொல்லும்போது நான் போனத் தூக்கிப் போட்டுட்டேன்."

அக்கா அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண் ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்து, "வேற சீரிஸா?" என்றாள். கும்மிடிப்பூண்டியில் அக்கா எனக்கு முன்னால் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஷேர் ஆட்டோ நிற்கிற பக்கம் போய்விட்டார்.

வியாழன் அவர் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. வெள்ளியும் இல்லை. அவருடைய நம்பர் என்னிடம் இல்லை. ரயில் பழக்கம் அப்படித்தான். தினம் பார்க்கிறவர்களின் நம்பரை வாங்கத் தோன்றுவதில்லை. சனிக்கிழமை பொன்னேரியில் நானே இறங்கி, பிளாட்பாரத்தில் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினேன். ரயில் நகர ஆரம்பித்ததும் கையில் கிடைத்த பெட்டியில் தொற்றி ஏறினேன். உள்ளே இருந்தவர் ஒருவர், "சாவணுமாம்மா உனக்கு?" என்று கத்தினார். அன்றைக்கு ஆலையில் ஒரே கம்பித் துண்டை இரண்டு முறை பதிவேட்டில் எழுதி, மேற்பார்வை பார்க்கிற பெரியவரிடம் திட்டு வாங்கினேன். வீட்டிலும் எரிந்து எரிந்து விழுந்தேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று மனதுக்குள் நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவரே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தினி நாளா கடசிப் பொட்டியில போய்க்கினு இருந்தேன்," என்றார். "உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல."

"தப்புதான்கா. எனக்குச் சொல்ல வாய் வரல."

"நான் இன்னா கொழந்தையா? சினிமாக்காரன் எடுத்தத கேட்டா செத்துடுவேனா? ரெண்டு நாளு நான் எவ்ளோ சந்தோசமா இருந்தேன் தெரிமா? வேலைல எல்லார்கிட்டயும் சொன்னேன். கெடச்சிட்டான்னு. அவளுங்களுக்கு இன்னா ஏதுன்னே புரில, நான் பாட்டுக்கு சொல்லிக்கினு கீறேன்."

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "போனுல கீதா அது?" என்றார்.

"கீதுக்கா. டவுன்லோட் பண்ணது அழிக்கல."

"போடு. நானே பாக்கறேன்."

ஒரு இயர்போன் அவர் காதில், ஒன்று என் காதில். முதன்முறையாக அவர் அந்த முகங்களை ஒழுங்காகப் பார்த்தார். "இவதான் அவளா? நான் வேற மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன். கொஞ்சம் குண்டா," என்றார். செத்தவர்கள் கூட்டமாக வந்தபோது, "மாவுல பொரட்டி உட்ட மாதிரி கீறானுங்க" என்று சிரித்தார். உப்புக் கிடங்குக் கதவை அவள் தள்ளுவதற்குள் ரயில் கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது. எல்லாரும் இறங்கினார்கள். அவர் அசையவில்லை. நானும் அசையவில்லை. பெருக்க வந்த அம்மா, "இறங்குங்கம்மா, வண்டி திரும்பப் போவப்போவுது," என்றார். அக்கா கையை மட்டும் காட்டினார், ஒரு நிமிஷம் என்பதுபோல.

தம்பி திரும்பிப் பார்க்கிற இடம் வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அவர் இமைக்கவே இல்லை. அவள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடும்போது இவர் உதடும் அசைந்தது. ஆனால் அது தொடரில் வருகிற பேர் இல்லை. முடிந்து, வெயில் வந்து, எழுத்து ஓட ஆரம்பித்ததும் இயர்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"மூஞ்சத் தொடச்சி உட்டுட்டு வந்திருக்கலாம் அவ," என்றார். "ஒரே உப்பு."

ரயில் ஆட்டம் கொடுத்தது. அவசரமாக இறங்கினோம். பிளாட்பாரத்தில் ஆளே இல்லை. இருவருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. அப்படியும் அவர் அங்கேயே நின்றார்.

"நீ சொன்னது நல்லாதான் இருந்துச்சி. ஆனா எனக்கு இதான் புடிச்சிக்கீது."

"எப்டிக்கா?"

"பாத்துட்டா இல்ல? இன்னா ஆனான்னு தெரிஞ்சிகினா இல்ல? கதவத் தொறந்துக்கினு போனாளே." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவ ஊரு ஊரா அலஞ்சா. நான் குந்திக்கினு போனு போட்டுக்கினு கீறேன். அதுவும் யாரோ ஒர்த்தரு போனுக்கு."

"போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களாக்கா?"

இல்லை என்று தலையாட்டினார். எழுதிக் கொடுத்தால் காணாமல் போனவன் என்று ஆகிவிடும் என்று அவர் அம்மா தடுத்துவிட்டாராம். வேலைக்குப் போயிருக்கிறான் என்றே நாலு வருஷமாக அந்த வீட்டில் பேச்சு.

"வரியா கூட?" என்றார். "எனக்கு எழுதத் தெரியும். ஆனா அங்க போயி நின்னா பேஜாராயிடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பழவேற்காட்டுக்குப் போனேன். ரயில் இல்லாத தரையில் அவரைப் பார்ப்பது வினோதமாக இருந்தது. நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். காவல் நிலையத்தில் எங்களை உட்காரவைத்து ஒரு பெண் போலீஸ் எழுதிக்கொண்டார். பேர், வயது, உயரம், கடைசியாகப் பேசியது எப்போது. அக்கா தடுமாறாமல் சொன்னார். அங்க அடையாளம் கேட்டபோது, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, சின்ன வயதில் துடுப்பு பட்டது, வலது கையில் அம்மா பேரைப் பச்சை குத்தியிருக்கும் என்றார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவன் போட்டிருந்தது என்ன சட்டை என்று கேட்டதும் யோசித்தார். என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்?

"அன்னிக்கி நான் வாசலுக்கு வரல," என்றார். "கோவத்துல உள்ளயே குந்திக்கினு இருந்துட்டேன்."

பெண் போலீஸ் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். போட்டோ ஒட்டினார்கள். காக்கிநாடாவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். வெளியே வந்ததும் அக்கா செருப்பை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் மண்ணில் நடந்தார். வீட்டில் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். நேராகச் சொல்லிவிடுங்கள் என்றேன். முடிவை மாற்றிச் சொன்ன நான் போய் இதைச் சொல்கிறேனே என்று எனக்கே தோன்றியது.

இதுவரை தகவல் எதுவும் இல்லை. அவர் அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள், போலீஸில் கொடுத்த போட்டோ பழசு, மீசை வைத்தது ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கொடு என்று அம்மாவே பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தாராம். அதைக் கொடுக்கப் போன அன்று அக்கா தனியாகவே போய்விட்டு வந்தார்.