ராசம்மாளின் கொழுப்பு

பாபநாசத்து டாக்டர் நல்லவர், சின்ன வயசு. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குக் கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்திம்மா" என்றார். ராசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். மகள் செவ்வந்திதான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அந்தச் சொல்லை ராசம்மாள் முன்பும் ஒருமுறை வாங்கியிருந்தாள். கழக ஆட்சி வந்து, அறுப்புக் கூலிக்குச் சட்டமும் போட்டு, அந்தச் சட்டம் களத்துமேட்டுக்கு மட்டும் வந்து சேராத காலம். நெற்கட்டைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டவள், மிராசுதாரின் காரியக்காரரிடம் "சட்டப்படி அளங்க" என்றாள். மரக்காலும் கையுமாக இருந்தவர் நிமிர்ந்தார்.

"ஒனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சுடி."

களமே கேட்டது. அதற்குப் பிறகு உள்ளூரில் யாரும் அவளை நடவுக்குக் கூப்பிடவில்லை. கைக்குழந்தையோடு ரயிலேறிப் பூதலூர்ப் பக்கம் வேலை தேடிப் போனாள். அந்தக் குழந்தைதான் செவ்வந்தி.

செவ்வந்தி படித்துச் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தாள். ரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்களை வளர்த்து, கொழுப்பைச் சுமக்கும் புரதங்கள் அவற்றை என்ன செய்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த சமயம், அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கிறது என்று பக்கத்து வீட்டு நீலாம்பாள் போன் செய்தாள். செவ்வந்தி வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். போய்வந்ததிலிருந்து அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் ராசம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செவ்வந்தி எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மாத்திர வாங்கியாந்துருக்கேன்மா."

"நீயே போட்டுக்க. எனக்குக் கொழுப்பு இல்ல."

"அவரு திமிருன்னு சொல்லலம்மா. ரத்தத்துல இருக்கறதச் சொன்னாரு."

"கஞ்சி குடிச்ச ஒடம்புடி. எவன் நெய் ஊத்துனான்?"

"நெய் திங்காட்டியும் ஈரலே செய்யும். எல்லா ஒடம்புக்கும் அது வேணும். தண்ணியில எண்ணெ கலக்காதுல்ல? அதனால ரத்தத்துல அது தானா ஓடாது. புரதம்தான் சொமந்துட்டுப் போவும்."

"அங்கயும் சொமக்கறதுக்கு ஆளு."

"ஆமா. ஒரு வகை, ஒடம்பு முழுக்கக் கொண்டுபோய்க் குடுக்கும். அது அதிகமானா கொழாய்ச் செவுத்துக்குள்ள பூந்து தங்கிரும். அங்கயே கெட்டுப்போவும். செவுத்துல இருக்கற செல்லு மெரண்டு வெள்ளணுவக் கூப்புடும். அது வந்து ஒட்டிக்கிட்டு, செவுரே வீங்கிரும்."

"போலீசுன்னு சொல்லு."

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு வகை இருக்கு. தேங்குனத அள்ளிட்டுப் போவும், செல்லயும் சமாதானம் பண்ணும். ஆனா ஒனக்குச் சக்கர வேற இருக்கு. சக்கர முத்துனா அதுவும் கெட்டுப்போவும். சமாதானம் பண்ண வந்ததே சண்ட மூட்டி வுட்டுரும்."

"அது எல்லாக் கட்சியிலயும் உண்டு."

ராசம்மாள் வெறும் காம்பையே உருவிக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கீழே வைத்தாள்.

"மாத்திரயப் போட்டா, அந்தாளு அன்னிக்குச் சொன்னது சரின்னு ஆயிருமேன்னு பாத்தேன் பாப்பா."

செவ்வந்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூலி கேட்டதுனால வர்ற கொழுப்பு இல்லம்மா இது."

"நெசமாவா?"

"நெசமா."

"குடு அப்ப. சோத்துக்கு முந்தியா, பிந்தியா?"

அதிலிருந்து அவள் மாத்திரையை விட்டதில்லை. "கொழுப்புன்னா கோவப்படாதடி" என்று சொல்லி நீலாம்பாளையும் ரத்தம் எடுக்க இழுத்துப் போனாள். ஆனால் ரத்தக் குழாயின் சுவர் வெகுகாலமாக வீங்கிக் கிடந்தது. மாத்திரை தணிக்கும், பழைய சுவரைப் புதிதாக்காது. செவ்வந்திக்கு அது தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை.

சில வருசம் கழித்து, வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்த ஓர் ஆடிக் காலையில், கரையில் உட்கார்ந்த ராசம்மாள் எழுந்திருக்கவில்லை. செவ்வந்தி சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நீலாம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னிக்கும் மாத்திரயப் போட்டுட்டுத்தான் ஒங்கம்மா வெளிய வந்துச்சு."

செவ்வந்தி தலையசைத்தாள். உட்கார்ந்து, அம்மாவின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டாள்.