தவிட்டுக்கு விற்ற தாத்தா

எங்கள் தாத்தாவைப் பிறந்த கையோடு விற்றுவிட்டார்கள். விலை, ஒரு முறம் தவிடு.

பிறந்த பிள்ளைகளெல்லாம் காய்ச்சலில் போய்க்கொண்டிருந்த வீட்டில் அடுத்தது தங்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில், பக்கத்துக் காம்பராக்காரியிடம் பிள்ளையை நீட்டித் தவிடு வாங்கிக்கொள்வது. இது எங்கள் பிள்ளை இல்லை என்று எமனுக்குக் கண்ணைக் கட்டுவது. பிறகு பெற்றவளே வளர்ப்பாள். எமனும் ஏமாந்தான். தாத்தா பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போனார்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த வியாபாரம் எங்களைத் திருப்பிப் பிடித்தது. சுதந்திரம் வந்த சூட்டோடு பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. அப்பாவும் அவரைப் பெற்றவரும் இலங்கையிலேயே பிறந்தவர்கள் என்று காட்டினால்தான் நாங்கள் இந்த நாட்டு ஆட்கள். காட்டாவிட்டால் எந்த நாட்டு ஆட்கள் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

தாத்தா பிறந்த பதிவு கிடைக்கவேயில்லை. அப்பா ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய அக்கா, புருஷன் இறந்தபின் எங்களோடு இருந்த அத்தை, உட்காரவில்லை. கொழுந்து எடுக்கப் போகாமல் என்னையும் இழுத்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்தார். ஒருநாள் தவிட்டுக் கதை ஞாபகம் வர, வாங்கினவள் பேரில் தேடச் சொன்னார். இருந்தது. பெற்றவர்கள் என்ற இடத்தில் பக்கத்துக் காம்பராக்காரியும் அவள் புருஷனும். எமன் கச்சேரியிலும் வந்து விசாரிப்பான் என்று தாத்தாவைப் பெற்ற பூட்டி பயந்திருக்கிறாள், பாருங்க.

அத்தை தவிட்டுக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. பதிவில் இருப்பவர்கள் பெற்றவர்கள் என்றால் சாட்சியோடு வரவேண்டும். இல்லையென்றால் இது வேறு யாருடைய பிள்ளையோ என்று சொல்லிவிட்டார்.

மஸ்கெலியாவில் அந்தக் காம்பராக்காரியின் மகன், பல் போன கிழவர், இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்கம்மா வெல குடுத்து வாங்குன புள்ளய இத்தன வருசமா நீங்கள்ல வச்சிருந்தீங்க" என்றார்.

"இப்ப திருப்பித் தர்றோம் பெரியப்பா, வந்து வாங்கிக்கிங்க" என்றார் அத்தை.

குறித்த நாளில் கொட்டும் மழையில் கிழவரும் வந்தார். அதிகாரி அந்தக் காம்பராக்காரியின் பெயரை வாசித்து, இவளா உன் அப்பாவைப் பெற்றவள் என்று கேட்டார். அத்தை தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஆமாங்க. இவங்கதான். வேற யாரும் இல்லீங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். கிழவர் தலையாட்டினார். எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது அந்த ஒரு சொல்லால்தான்.

வீடு திரும்பியதும் அத்தை வாசல்படி ஏறவில்லை. நேரே ஊற்று நீர் விழும் பீலிக்குப் போய்க் கட்டிய சேலையோடு தண்ணீரில் தலையைக் கொடுத்தார். சாவுச் செய்தி வந்தால்தான் எங்கள் லயத்தில் அப்படி முழுகுவார்கள். அம்மா மாற்றுச் சேலையோடு வந்து நின்றாள்.

"யாரு அத்தை செத்துப்போனா?" என்றேன்.

"யாருமில்ல புள்ள. ரோட்டுத் தூசி."

காலையிலிருந்து மழை விடவேயில்லை. இந்த மழையில் தூசி எங்கிருந்து வந்தது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.