கயிறு பிடித்துப் போன மதியம்

எங்கள் குரோம்பேட்டைக் குழுவுக்குப் பெயர்கூடக் கிடையாது. குஜராத்தில் பூமி அதிர்ந்தபோது தெருத்தெருவாக அலைந்து கம்பளி சேர்த்து ரயிலேற்றினோம். சுனாமி வந்தபோது கோவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் நாள்கணக்கில் சமைத்துப் போட்டோம். எங்கே யார் வீடு போனாலும் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு, அடுத்த வருஷ மழையில் ஓட வேண்டிய அவசியமே வரவில்லை. மேற்குத் தாம்பரம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, வெள்ளம் எங்களையே தேடிக்கொண்டு வந்தது.

குழுவை நடத்தியவர் முடிச்சூர்ப் பக்கத்துக்காரர். விவசாயக் குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் இரும்புக்கடை வைத்திருந்தார். ஊருக்கே அவர் அண்ணன்தான். எனக்கும் ஒரு மனை விற்றிருந்தார். எங்காவது ஆபத்து என்றால் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு முதல் ஆளாக வந்து நிற்பார். நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. வாயும் கொஞ்சம் நீளம் என்பார்கள், கொஞ்சமெல்லாம் இல்லை. அப்பேர்ப்பட்ட நான் அவரை நம்பினேன்.

அன்று மதியம் அவருக்கு போன் வந்தது. அவர் மனை போட்ட நகரிலேயே கடைசித் தெருவில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. புருஷன் துபாயில். மூத்த பிள்ளை மாமியார் வீட்டில். கூட இருந்தது அம்மா மட்டும். முதல் பிரசவம் ஆபரேஷன். இந்தத் தடவை வலி எடுத்தால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், தாமதமானால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தாராம்.

மூன்று பேர் கிளம்பினோம். அண்ணன், நான், அப்புறம் ஒரு மீனவர். போன வருஷம் நாங்கள் சோறு போட்ட குப்பத்துக்காரர் அவர்; செய்தி கேட்டு அன்று காலையிலேயே கயிறும் லாரி டியூபுமாக வந்து இறங்கியிருந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராகப் போவது எங்கள் வழக்கம். முன்னால் போகிறவர் காலால் தரையைத் துழாவிச் சொல்வதுதான் சட்டம். பின்னால் வருகிறவர்கள் மறுபேச்சுப் பேசக் கூடாது.

போகும்போது தெருவில் தண்ணீர் இடுப்பளவு. அந்தப் பெண்ணை டியூப் மேல் கதவுப் பலகை வைத்துப் படுக்கவைத்து, அவள் அம்மாவையும் கயிற்றில் சேர்த்துக் கட்டி வெளியே கொண்டுவருவதற்குள் அதே தெருவில் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. ஒரு ஸ்கூட்டர் உருண்டுகொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். இடது பக்கம் காலி மனைகள்; என்னுடையதும் அதில் ஒன்று, ஆனால் எல்லைக்கல் முழுகி எது யாருடையது என்றே தெரியவில்லை. அங்கே தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. அதைத் தாண்டினால் மெயின் ரோடு. அண்ணன் நகராமல் நின்றார்.

"இன்னாண்ணா நிக்கறே? இந்தாண்ட தண்ணி சும்மா கீது பாரு. நேரா பூந்தா ரோடு வந்துரும்" என்றார் மீனவர்.

"வேணாம். தெரு வழியாவே போலாம்."

"தெருவுலயா? அல்லாரையும் இழுத்துகினு பூடும்ணா!"

எனக்குச் சுரீரென்றது. "அண்ணா, உங்களுக்கென்ன பைத்தியமா? பொண்ணு துடிக்கிறா, கண்ணு தெரியலயா?"

"முன்னாடி நிக்கறது நான்மா. சொன்னா கேளு."

"சட்டத்தைத் தூக்கி ஒடப்புல போடுங்க! காரணத்தைச் சொல்லுங்க."

பலகையில் கிடந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். அவள் அம்மா, "சண்டை போடாதீங்கம்மா, எம் பொண்ணு செத்துருவா" என்று கதறினாள். போதும்டா சாமி என்று நானே மனைப் பக்கம் திரும்பி ஒரு எட்டு வைத்தேன். அண்ணன் பாய்ந்து என் கையைப் பிடித்தார்.

"போகாதம்மா. அங்க கிணறு இருக்கு."

"கிணறு எல்லாத்தையும் தூர்த்துட்டேன்னுதானே மனை விக்கறப்ப சொன்னீங்க?"

"தூர்க்கல. தென்னமரத்தைக் குறுக்கப் போட்டு மேலாக்க மண்ணைக் கொட்டினேன். இந்நேரம் உளுத்துப் போயிருக்கும்."

"யார் மனையில?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் மனையிலதாம்மா."

ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் இரண்டு பெண்களும் அந்த மண்ணில்தான் ஷட்டில் ஆடுவார்கள். குதித்துக் குதித்து ஆடுவார்கள். தண்ணீர் மட்டும் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே அவரை அறைந்திருப்பேன்.

"தெருவுல இனிமே போக முடியாதுதான், இப்படியே போலாம். கிணறு அந்தப் பனைமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவுல. நான் போய் விளிம்புல நிக்கறேன். என்னை ஒட்டி வராதீங்க, வலது பக்கமா ஒதுங்கிப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். மூச்சு விடவும் பயந்துகொண்டு பின்னால் போனோம். ஒவ்வொரு அடிக்கும் நின்று துழாவினார். திடீரென்று தண்ணீருக்கு அடியில் ஏதோ மடக்கென்று ஒடிந்தது. ஆள் காணோம்.

கயிறு என் இடுப்பை அறுத்துக்கொண்டு இழுத்தது. மீனவர் இரண்டு கையாலும் டியூபைப் பிடித்திருந்தார். விட்டால் அந்தப் பெண் கவிழ்ந்துவிடுவாள். அந்த அம்மா என் முதுகைக் கட்டிக்கொண்டாள். நான் குதிகாலைச் சேற்றில் ஊன்றி இழுத்தேன். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. "வாய்யா மேல! உன்னை அவ்ளோ சுலபமா சாக விட்டுருவேனா? வாய்யா!" என்று கத்திக் கத்தி இழுத்தேன். தலை தெரிந்தது. இருமினார். கை எதையோ பற்றியது.

"இதான்… இதான் விளிம்பு. சுத்திப் போங்க."

கழுத்தளவுத் தண்ணீரில் அவர் அந்த விளிம்பிலேயே நிற்க, நாங்கள் டியூபைத் தள்ளிக்கொண்டு வலது பக்கமாகக் கடந்தோம்.

மெயின் ரோட்டில் ஒரு பால் வேன் நின்றது. பெண்ணை ஏற்றினோம். அவள் அம்மா ஏறுவதற்கு முன் அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தெய்வமா வந்தேப்பா" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அதே நகர்க்காரர்கள், அவரிடம் மனை வாங்கியவர்கள். கை தட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கிணத்து மேல மண்ணைத் தூவி எனக்கு வித்திருக்காரு. கேளுங்க, அவரையே கேளுங்க!"

"இந்த நேரத்துல பேசற பேச்சா இது? நல்ல மனுஷனைப் போய்..." என்று என் மேல்தான் எல்லாரும் பாய்ந்தார்கள்.

"அவங்க சொல்றது நிஜம்தான்" என்றார் அண்ணன். "இன்னொண்ணும் இருக்கு. பார்க்குக்குன்னு விட்ட இடத்துல."

பார்க்கில்தான் அந்த நகரின் பிள்ளைகள் எல்லாம் விளையாடும். அந்த அம்மா அவர் கையை விட்டாள். வேனில் ஏறி மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மகளும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று மறுநாள் தெரிந்தது.

வேன் போன பிறகு அண்ணன் ஒரு மூங்கில் கழியில் சிவப்புத் துணியைக் கட்டினார். பார்க்கில் கொண்டுபோய் நட வேண்டும், தெரியாமல் யாராவது அந்தப் பக்கம் வந்துவிடுவார்கள் என்றார். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை நீட்டினார். கை தட்டியவர்களில் ஒருத்தர்கூட வாங்கவில்லை. மீனவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீட்டிய கை அப்படியே நின்றது.

நான்தான் வாங்கினேன். "நட, நட. விழுந்தா இந்தத் தடவை இழுக்க மாட்டேன்" என்று திட்டிக்கொண்டே இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிக்கொண்டு அவர் பின்னால் தண்ணீரில் இறங்கினேன்.