நஞ்சுண்டனின் வலது கால்

நஞ்சுண்டன் கட்டிய விமானத்தில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அது நேராகப் போகாது.

கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் பவர் பிரஸ் பட்டறை வைத்து, பம்ப்செட் மோட்டாருக்குத் தகடு வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிற மனிதருக்கு விமானம் எதற்கு என்று 1994இல் கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவர்பாட்டுக்கு ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டார். அப்புறம் வரைபடம் வரவழைத்து, அலுமினியக் குழாயையும் துணியையும் வைத்து ஒற்றை ஆள் உட்காருகிற விமானம் ஒன்றைக் கட்டினார். இறக்கைக்குத் துணி தைத்துக் கொடுத்தவர் கல்யாணப் பந்தலுக்குத் தைக்கிறவர். பழக்கதோஷத்தில் ஓரமெல்லாம் நெளிநெளியாக ஜாலர் வைத்துவிட்டார். “பறக்கலைன்னா விசேஷத்துக்கு வாடகைக்கு உட்டுக்கலாமுங்க” என்று நஞ்சுண்டனே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்னூருக்குப் பக்கத்தில் மாமனாருடைய கொறங்காடு இருந்தது. ஆடு மேய்கிற அந்தத் தரையைச் சமப்படுத்தி ஓடுபாதை ஆக்கினார். வண்டியைக் கிளப்பினால் வலப்பக்கம் இழுத்தது. இரண்டடி எழும்பி இறங்கினாலும் வலப்பக்கமே இழுத்தது.

விமானத்தில் காலுக்கு இரண்டு பெடல். வலது பெடலை மிதித்தால் வாலில் நிற்கிற சுக்கான் வலப்பக்கம் திரும்பும், மூக்கும் கூடவே திரும்பும். யாரும் மிதிக்காதபோது சுக்கான் நடுவில் நிற்பதற்காக, இரண்டு பெடலுக்கும் ஒரே பலத்தில் ஸ்பிரிங் உண்டு. மூக்கை இடப்பக்கம் இழுக்கட்டும் என்று நஞ்சுண்டன் இடது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பலமான, மனைவி அம்சவேணியின் டிவிஎஸ் ஐம்பதின் ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மாட்டினார். விமானம் கொஞ்சம் திருந்தியது. அம்சவேணியின் வண்டிதான் போகிற வழியெல்லாம் ஸ்டாண்டைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனது. அதுவும் போதாமல் புல்லட்டின் ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மாட்டினார். சுக்கானின் ஓரத்தில் ஒரு சின்னத் தகட்டை ரிவிட் அடித்து, அதைத் தினமும் குறடால் வளைத்துப் பார்த்தார். யாராவது கேட்டால் “டிரிம் பண்றேனுங்க” என்பார். அன்னூரில் டிரிம் என்றால் சலூன்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் விமானம் நேராக ஓடியது. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்த தெம்பில், “வர்ற ஞாயித்துக்கிழமை பறக்கறேன். எல்லாரும் வந்துருங்க” என்று சொல்லிப்போட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. பறக்காமல் போனால் இந்த ஜென்மத்தில் எந்தப் பந்தியிலும் தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

அதனால் சனிக்கிழமை ஜெரோமை அழைத்து வந்தார். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று, கிளப்பில் நஞ்சுண்டனுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வாத்தியாரை முதலில் உட்கார வைப்பதுதானே மரியாதை.

ஜெரோம் ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினார். விமானம் இடப்பக்கம் திரும்பிக் கிளுவை வேலியைப் பார்த்து ஓடியது. புல்லட் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட ஜெரோமுக்கு விருப்பமில்லை. எஞ்சினை அணைத்து, முள்ளுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார்.

“நேத்து நேராப் போச்சுங்களே சாருங்க!” நஞ்சுண்டன் பின்னாலேயே ஓடி வந்தார்.

“நீங்க ஒரு தடவை ஓட்டுங்க தம்பி. பாக்கலாம்.”

நஞ்சுண்டன் ஓட்டினார். கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போனது.

ஜெரோம் குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். நிமிர்ந்து நஞ்சுண்டனின் காலைப் பார்த்தார். செருமிக்கொண்டார். சோற்றுப் போசியோடு வந்திருந்த அம்சவேணிக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏனுங்க மாமா, உங்க வலது கால் சோறு திங்கறப்பக்கூட எதையாச்சும் மிதிச்சுட்டேதான் இருக்குமுங்க. பட்டறையில பிரஸ்ஸு மிதிக்கறாப்பலயே!”

ஜெரோமுக்கு அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. “அம்மிணி சொல்றது நெசந்தானுங்க. கிளப்பு விமானத்துல நீங்க வலது பெடலை அமுத்த அமுத்த, நான் பக்கத்துல உக்காந்து இடதை அமுத்திட்டே இருந்தனுங்க. தனியா ஓட்டறப்ப கோணலாத்தான் போனீங்க. காத்து மேல பழியப் போட்டுட்டேன்.”

“பின்ன ஏனுங்க சொல்லல?”

“பட்டறை முதலாளி நீங்க. காலு சரியில்லைன்னு எப்படிங்க சொல்றது? மரியாதையா இருக்காதுன்னு உட்டுப்போட்டனுங்க.”

நஞ்சுண்டன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் கோணாமல் செய்த பொருள் அது ஒன்றுதான். அதையும் தானே உட்கார்ந்து பாடுபட்டுக் கோணலாக்கியிருக்கிறார். காலைத் திட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் மனசு வரவில்லை. சொந்தப் பட்டறை வருவதற்கு முன்னால், கூலிக்கு பிரஸ் மிதித்துச் சோறு போட்ட கால் அது. மிதி என்று யாரும் சொல்லாமலே மிதிக்கப் பழகிய கால்.

அன்று பொழுது சாய்வதற்குள் புல்லட் ஸ்பிரிங்கும் தகடும் கழன்றன. பழைய இடது ஸ்பிரிங் திரும்ப ஏறியது. மறுநாள் காலையில் அம்சவேணி அவருடைய வலது ஷூவுக்குள் ஒரு புளியங்கொட்டையைப் போட்டாள்.

“மிதிச்சா குத்துமுங்க. குத்துனா காலை எடுத்துருங்க.”

சொந்தமெல்லாம் வேலியோரம் வரிசையாக நின்றது. நஞ்சுண்டன் முடுக்கினார். கால் அமுக்கியது; கொட்டை குத்தியது; காலைத் தளர்த்தினார். சக்கரம் தரையை விட்டது. மாமனார் தோட்டத்துக் கிணறு கீழே ஒரு தட்டளவுக்குச் சுருங்கியது. ஜாலர் படபடத்தது. விமானம் நேராகப் போனது. சந்தோஷத்தில் அவருக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அழுதால் கால் என்ன செய்யுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டார்.

இறங்கியதும் நொண்டிக்கொண்டே வந்தார். “ஐயோ, கால்ல அடிபட்டுப்போச்சுங்களா?” என்று சொந்தம் பதறியது. அவர் யாரையும் கவனிக்காமல் ஜெரோமிடம் போனார்.

“சாருங்க, மரியாதையெல்லாம் அக்கட்டால வெச்சுப்போட்டுச் சொல்லுங்க. எப்படிங்க?”

“நல்லாத்தானுங்க...” என்று ஆரம்பித்த ஜெரோம் நிறுத்தினார். அத்தனை பேரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். “எறங்கறப்ப இடது கால் மிதிக்குதுங்க தம்பி.”

நஞ்சுண்டன் அந்தக் கொறங்காடே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். சிரித்துக்கொண்டே அம்சவேணியிடம் கையை நீட்டினார்.

“அம்மிணி, இன்னொரு புளியங்கொட்டை குடு.”