பாலத்துக்கு முன்னால் நின்ற லொறி

இந்தத் தமிழ்க் குழுவில் எப்போதும் வாசித்துவிட்டுப் போகிறவள் இன்று கோபத்தோடு எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனியின் எசன் நகரில் தாழ்வான ரயில் பாலம் ஒன்றின் முன்னால் பெரிய லொறி நின்றுவிட்டது. பின்னால் எங்கள் பஸ். எல்லோரும் இறங்கினோம்.

லொறிக்காரர் தமிழர், வேலைக்குப் புதியவர். வியர்த்துப்போய் நின்றார்.

"கொம்பனி தந்த ஃபோன் காருக்குரிய வழியைக் காட்டுது, தங்கச்சி. பாலங்களின்ரை உயரம் போட்ட வரைபடப் புத்தகம் கேட்டனான். 'இந்தக் காலத்திலை புத்தகமோ?' எண்டு முதலாளி சிரிச்சவர். இது தெரிஞ்சா வேலையாலை நிப்பாட்டிப்போடுவார்."

பஸ்ஸில் வந்த அண்ணை ஒருவர் வீடியோ எடுத்தபடியே, "ஃபோனை நம்பி ஓடினா உப்பிடித்தான்!" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஃபோனை நம்பியிருந்தால் லொறி பாலத்தில் மோதியிருக்கும். அவர் பாலத்துப் பலகையில் எழுதியிருந்த உயரத்தை வாசித்து நிறுத்தியிருக்கிறார். சரியாகச் செய்தவரைப் பார்த்துத்தான் அத்தனை சிரிப்பு. புத்தகம் தராத முதலாளியை யாராவது வீடியோ எடுத்திருந்தால் கீழே போடுங்கள், நானும் சிரிக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால், எங்கள் தமிழ்க் குழுவிலேயே அந்த வீடியோ ஓடுகிறது. கொம்பனியின் பெயரும் லொறியின் நம்பரும் தெளிவாகத் தெரிகின்றன.

அண்ணை, அங்கே உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தயவுசெய்து அதை அழிச்சுவிடுங்கோ.