விரல் படாத ஒரு மணி நேரம்

லிஃப்ட் மெக்கானிக்காக இருபத்தாறு வருடம் வேலை பார்ப்பவர் தன் வீட்டுக்கு மட்டும் மாடிப்படி ஏறித்தான் போவார். கேட்டால், "டாக்டர் எழுதிக் குடுக்கற மருந்தையெல்லாம் டாக்டரே சாப்பிடறாரா?" என்று திருப்பிக் கேட்பார்.

போகிற கட்டடத்திலெல்லாம் அவர் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "சும்மா நிறுத்தி வைக்காதீங்க. தினமும் ஓடற லிஃப்ட் ஒழுங்கா இருக்கும். நிறுத்தி வச்ச லிஃப்ட்தான் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல உயிரை விடும்." கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். அவர் மனைவி இந்த வாசகத்தைத் தொலைபேசிப் பேச்சில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார்.

வீட்டின் கடைசி அறையில் அவருக்கு ஒரு ரயில் இருந்தது. இடுப்பு உயரத்தில் ஒட்டுப்பலகை, அதன் மேல் சுற்றிச் சுற்றி வரும் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், அட்டையால் செய்த மலைக்குள் ஒரு குகை. கைக்கு அடங்கும் இன்ஜின், ஆறு பெட்டி. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக இன்ஜினுக்குப் போக வேண்டும். நடுவில் துளி அழுக்கு இருந்தால் போதும், ரயில் நின்றுவிடும். அழுக்கு என்ற சொல்லைக் கேட்டாலே மெக்கானிக்கின் கை உப்புத்தாளைத் தேடும். ஞாயிறுதோறும் தண்டவாளம் முழுவதையும் உப்புத்தாளால் அழுத்தித் தேய்ப்பார். தேய்த்து முடித்து, ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, மேலே படுக்கை விரிப்பைப் போர்த்திவிடுவார். சுவரில் ஒரு தாள்: "யாரும் தொடக் கூடாது."

யாரும் என்றால் வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் மனைவி. இன்னொருவர் அவருடைய அப்பா, அதாவது மெக்கானிக்கின் மாமனார். முழங்கால் வலி வந்த பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டவர். அவருடைய சாய்வு நாற்காலி அந்தக் கடைசி அறையில்தான் கிடந்தது. ரயிலுக்கு நேர் எதிரே.

"ஓடவே ஓடாத ரயிலுக்கு எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு குளியல்?" என்பார் மாமனார்.

"சுத்தம் முக்கியம் மாமா."

"பொண்ணு பார்க்க வர்றாங்களோன்னு நினைச்சேன்."

உண்மையில் பார்க்க ஆள் வரத்தான் இருந்தது. ஊரில் பொம்மை ரயில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மன்றம் உண்டு. (பொம்மை என்று சொன்னால் மெக்கானிக் கோபித்துக்கொள்வார். மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும்.) மன்றத்தில் சேரத் தேர்வு ஒன்றே ஒன்றுதான். உங்கள் ரயில், விரல் படாமல், ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். போன வருடம் மெக்கானிக் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு மன்றத்துக்கே போனார். பதினொன்றாவது நிமிடத்தில் ரயில் குகை வாசலில் நின்றது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கை தன்னால் போய் இன்ஜினின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டது. மன்றச் செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர் நோட்டை எடுத்து "விரல்" என்று ஒரே சொல்லை எழுதினார். அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் மெக்கானிக்குக்குப் பெயர் "விரல் சார்". சாமான் வாங்கும் கடையில்கூட, "வாங்க விரல் சார், எண்ணெய் வேணுமா?" என்றார்கள்.

இந்த வருடம் அந்தப் பெயரை எப்படியாவது துடைத்துவிட வேண்டும். இரண்டாம் முறை தேர்வு எழுதுகிறவர் வீட்டுக்கு டாக்டரே வருவார் என்பது விதி. தேதியும் குறித்தாயிற்று. அப்போதுதான் கம்பெனி அவரை வெளியூருக்கு அனுப்பியது. புதிய ஆஸ்பத்திரி, ஆறு லிஃப்ட், மூன்று வாரம். கிளம்பும்போது விரிப்பை நான்கு மூலையிலும் இழுத்துச் செருகினார்.

"மாமா, நான் வர்ற வரைக்கும்..."

"நானா? எழுந்து தண்ணி குடிக்கவே ஆள் வேணும் எனக்கு."

தேர்வுக்கு முந்தின நாள் காலையே வந்து, நாள் முழுக்கத் தேய்ப்பது என்பது திட்டம். வேலை ஒரு நாள் இழுத்தது. தேர்வன்று விடியற்காலை வந்திருக்க வேண்டிய நிஜ ரயில் நான்கு மணி நேரம் தாமதம். பெட்டியும் கையுமாக மூச்சிரைக்கப் படியேறி அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, பல் டாக்டர் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தண்டவாளத்தைத் தேய்க்கவே இல்லையே!" என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார்.

"போய் ஓட்டுங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் மனைவி. எப்படித் தெரியும் என்று கேட்க அவருக்கு நேரமில்லை.

விரிப்பை எடுத்தார். விசையைத் திருப்பினார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் கிளம்பியது. குகைக்குள் போனது, வந்தது. மறுபடி போனது, வந்தது. பதினொன்றாவது நிமிடத்தில் மெக்கானிக் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "எல்லாம் உப்புத்தாள் மகிமை சார்" என்றார். மாமனார் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்து மூன்றாவது நிமிடம். கடைசியில் வந்த திறந்த பெட்டி பாலத்தின் மேல் குலுங்கியது. அதன் பின்மூலையிலிருந்து ஏதோ உதிர்ந்து தண்டவாளத்தில் விழுந்தது. மெக்கானிக் குனிந்து பார்த்தார். பிஸ்கட் தூள். மலைபோலத் தெரிந்தது அவருக்கு. விரலால் ஒரு தட்டு, பறந்துவிடும். ஆனால் அந்த விரலுக்காகத்தானே ஒரு வருடம் தலைகுனிந்தார்? மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

ரயில் சுற்றி வந்தது. இன்ஜின் தூளின் மேல் ஏறியது, ஒரு கணம் திக்கியது, நொறுக்கிக்கொண்டு போயே விட்டது. கடைசிப் பெட்டி கடந்தபோது தண்டவாளம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மீதி ஏழு நிமிடமும் மெக்கானிக் கண் சிமிட்டவில்லை.

"முடிஞ்சுது. தேறிட்டீங்க" என்றார் டாக்டர். பிறகு பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துத் தண்டவாளத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "உப்புத்தாளை முதல்ல தூக்கிப் போடுங்க சார். தேய்ச்ச கீறல் பூரா தெரியுது. கீறல்லதான் அழுக்கு உட்காரும். முரட்டு பிரஷ் போட்டுப் பல்லைத் தேய்ச்ச மாதிரி பண்ணியிருக்கீங்க. நல்ல காலம், மேல இருக்கற பளபளப்பைப் பார்த்தா தினமும் ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டியிருக்கீங்க."

"தினமுமா? மூணு வாரமா நான் ஊர்லயே இல்லையே!"

டாக்டர் கடைசிப் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில், நாற்காலிக் கால் தரையைக் கீறாமலிருக்க ஒட்டுகிற கம்பளித் துண்டு ஒன்று, அழகாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. கறுத்துப் போயிருந்தது. டாக்டர் அதை மூக்கருகில் கொண்டுபோனார். "பிஸ்கட். இது யார் யோசனை? பெட்டி போகப் போகத் தானே துடைச்சிட்டுப் போகுது!"

மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

"பிஸ்கட் டப்பா அந்தக் கோடியில இருக்கு மாப்பிள்ளை. நான் இந்தக் கோடியில. ஒவ்வொரு தடவையும் எந்திரிக்க முடியுதா? இவ அங்க ஏத்திவிடுவா, நான் இங்க இறக்கிக்குவேன். வழியெல்லாம் தூள் விழுந்துச்சு. நீங்க வந்து பார்த்தா சத்தம் போடுவீங்களேன்னு..."

"தடயத்தை அழிச்சீங்க" என்றார் மெக்கானிக்.

"கம்பளி வாங்கிட்டு வந்தது உங்க பெண்டாட்டி. என்னை மட்டும் முறைக்காதீங்க."

மனைவி காலிக் கோப்பையை எடுத்தபடி, யாரையும் பார்க்காமல், "ஓடறது ஒழுங்கா இருக்கும், நிறுத்தி வச்சதுதான் நடுவுல உயிரை விடும்னு யாரோ ஊர் பூரா சொல்லிட்டு இருப்பாங்க" என்றார்.

மெக்கானிக் அன்று மன்றத்தில் உறுப்பினர் ஆனார். "விரல் சார்" என்ற பெயர் அந்த வாரமே ஒழிந்தது. டாக்டரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த வாரம் கடைக்குப் போனபோது, "வாங்க பிஸ்கட் சார்" என்றார்கள்.

உப்புத்தாள் சமையலறைக்குப் போய், அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்க உதவியது. சுவரில் பழைய தாளைக் கிழித்துவிட்டு மெக்கானிக் புதிதாக எழுதி ஒட்டினார்: "தினமும் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கட்டாயம் ஓட்டவும். பொறுப்பு: சாய்வு நாற்காலி."

மாமனார் கண்ணாடி போட்டு அதை இரண்டு முறை படித்தார்.

"இந்த வயசுல எனக்கு வேலையா? ஞாயித்துக்கிழமை லீவு வேணும், சொல்லிட்டேன்."

லீவு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக்கே விசையருகில் உட்கார்ந்துகொள்வார். வெறும் பெட்டியை ஓட்டினால் கனம் போதாது என்று காரணம் சொல்லி, நாலு பிஸ்கட் ஏற்றச் சொல்வார்.