ஹெல்டர்பாக் வீட்டைச் சுற்றிக் காட்டிய நாட்கள்

வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலையில் ஒரு சங்கடம் உண்டு: நாம் சுவரைக் காட்டுவோம், வந்தவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். இந்த வேலை பார்த்து நொந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அறுபதுகளின் கடைசியில் ஜெர்மனியில், பான் நகரத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ரைன் நதிக்கரையில் ஒரு கிராமத்தில் ஹெல்டர்பாக் குடும்பத்தின் பூர்வீக வீடு இருந்தது. அமெரிக்கா பிரிட்டிஷ்காரர் கையில் இருந்த காலத்தில், அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் கப்பலேறிப் போய் வர்ஜீனியாவில் பெரிய நிலப்பிரபு ஆகிவிட்டார். அவருடைய வம்சத்து அமெரிக்கர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள். வீட்டைப் பராமரித்த ஃப்ராவ் மெர்டன்ஸ் என்ற அம்மாளுக்கு ஆங்கிலம் வராது. அதனால் சனி, ஞாயிறுகளில் நான்.

உச்சரிப்பு

ஓர் அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஜெர்மன் வீட்டைக் காட்ட ஜெர்மானியர் கிடையாதா?" என்று கேட்டார். இருப்பவர் ஜெர்மனில்தான் பேசுவார் என்றேன். வேறு வழியில்லாமல் என் பின்னால் வந்தார். நான் சொன்னதைப் பாதி நேரம் திரும்பச் சொல்லச் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்கள் மூதாதையரும் அமெரிக்காவில் இறங்கியபோது இப்படித்தான் இங்கிலீஷ் பேசியிருப்பார், பாவம்."

அரண்மனை

இன்னொருவர் மகளோடு வந்தார். கையில் வர்ஜீனியா மாளிகையின் படம்: வெள்ளைத் தூண்கள், இரண்டு பக்கமும் தோட்டம். எங்கள் வீடோ தலையில் இடிக்கும் உத்தரமும், ஒரே கூரையின் கீழ் மாட்டுத் தொழுவமுமாக இருந்தது. "நாங்கள் அரண்மனைக்காரர்கள் என்றல்லவா வீட்டில் சொல்வார்கள்!" என்று அவர் என்னிடம் கோபித்துக்கொண்டார், அரண்மனையை நான்தான் இடித்துவிட்டதுபோல. அந்தப் பெண் தொழுவத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அரண்மனை இருந்திருந்தால் அவர் ஏன் கப்பல் ஏறப் போகிறார், அப்பா?"

அதே பெயர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுப்பில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் வந்தார். கறுப்பின இளைஞர். சட்டையில் 'ஹெல்டர்பாக்' என்று தைத்திருந்தது. அந்தப் பெயரோடு வருகிறவர்களை உட்காரவைத்து ஃப்ராவ் மெர்டன்ஸ் காபி கொடுப்பார். சட்டையைப் பார்த்ததும் திகைத்து, "குடும்பத்தில் எந்தக் கிளை என்று கேளுங்கள்," என்றார்.

"கிளையெல்லாம் இல்லை. என் முன்னோர்கள் வர்ஜீனியாவில் அந்த ஹெல்டர்பாக் குடும்பத்தின் அடிமைகள். பெயர் அங்கிருந்து வந்தது," என்றார் அவர் அமைதியாக. அதை ஜெர்மனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் காத்திருந்தார். சொன்னேன்.

ஃப்ராவ் மெர்டன்ஸ் உள்ளே போய்விட்டார். சங்கடத்தில் வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன்: "இங்கிருந்து போனவர் வர்ஜீனியாவில் தன் கைகளாலேயே மாளிகையைக் கட்டினார்." சிப்பாய் சிரிக்கவில்லை. "அந்தச் செங்கல்லைச் சுட்டவர்கள் எங்கள் ஆட்கள். வீட்டில் இன்னும் சொல்வார்கள்," என்றார். அதற்குள் ஃப்ராவ் மெர்டன்ஸ் பீங்கான் கோப்பைகளோடு வந்து, என்ன சொன்னார் என்று கேட்டார். அதையும் சொன்னேன். மூன்று கோப்பையிலும் காபி ஊற்றினார். மூவரும் குடித்தோம். சிப்பாய் போனபின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே ஃப்ராவ் மெர்டன்ஸ் சொன்னார்: "இனிமேல் 'கட்டினார்' என்று சொல்லாதீர்கள், ஹெர் சுந்தரம். 'கட்டவைத்தார்' என்று சொல்லுங்கள். யாரை வைத்து என்று கேட்டால், அதையும் சொல்லுங்கள்."

அடுத்தவர் முன்னோர்களைப் பற்றி வருஷக்கணக்கில் வாய் ஓயாமல் பேசிய எனக்கு, என் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் தெரியாது.